வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள்

நம் ஊர்க் கல்லூரிகளில் படித்தவர்களும் பாடம் நடத்துபவர்களும் இப்படி ஓர் அம்மாவைப் பார்த்திருப்போம். வகுப்பறைக்கு வெளியே வராந்தாவிலோ, மாடிப்படிக்குப் பக்கத்திலோ, சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தடியிலோ, ஒயர்க்கூடையும் தண்ணீர் பாட்டிலும் தூக்குச்சட்டியுமாக உட்கார்ந்திருப்பார். முதல் மணி அடிக்கும்போதும் இருப்பார், கடைசி மணி அடிக்கும்போதும் இருப்பார். உள்ளே அவருடைய மகளோ மகனோ சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதல் வாரம் எல்லோரும் நின்று விசாரிப்பார்கள். பிறகு பழகிவிடும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாள் நெருங்கும்போது கல்லூரிக்கு அவர் நினைவு வரும். மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். தாய்மையைப் பற்றி ஒருவர் உருக்கமாகப் பேசுவார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டும்.

அப்படி ஒரு கைதட்டலுக்கு நடுவே நானும் நின்றிருக்கிறேன். பீடி சுற்றும் ஊர்கள் சூழ்ந்த, தெற்கே உள்ள ஓர் அரசுக் கலைக் கல்லூரி அது. அந்த ஆண்டுதான் மாறுதலாகி அங்கே தமிழ்த்துறைக்கு வந்திருந்தேன். மேடையில் நின்ற அம்மாவின் மகள் எங்கள் துறையில் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. தசைச்சிதைவு நோய், நடக்க முடியாது. கைகளில் பலம் குறைந்துகொண்டே வருகிறது, எழுத்து மட்டும் இன்னும் முத்து முத்தாக இருக்கும். அவளுடைய அம்மாமீது அந்த அரங்கில் இருந்த யாருக்கும் குறையாத மரியாதை எனக்கும் இருந்தது. ஆனாலும் கைகள் சேரவில்லை. மூன்று ஆண்டுகளாக இவர் ஏன் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது என்று அத்தனை பேச்சில் ஒருவரும் கேட்கவில்லை. அவர் தூக்கியது, இறக்கியது, காத்திருந்தது எல்லாமே அன்பின் கணக்கில் எழுதப்பட்டன. அதில் எவ்வளவு எங்கள் கல்லூரி செய்யாமல் விட்ட வேலை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பல மாதங்களாக இது மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மாடியும் தரையும்

விழா முடிந்த மறுநாள் மதியம், வராந்தாவில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பொன்னாடையை மடித்து ஒயர்க்கூடைக்குள் வைத்திருந்தார். வீட்டுக்கு எடுத்துப்போக மறந்துவிட்டதாம். "மேடைல ஏறச் சொன்னாவ, ஏறினேன். என்ன பேசன்னே தெரியல டீச்சர்" என்றார். வீட்டில் இருந்தால் என்ன வேலை செய்வீர்கள் அக்கா என்று கேட்டேன். "பீடிதான். எங்க ஊர்ல பொம்பளைக்கு வேற என்ன இருக்கு? முன்ன ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துவேன். இப்ப ராத்திரி உக்காந்து முந்நூறு சுத்துனா பெருசு. இங்க வச்சுச் சுத்தலாம்னு மொதல்ல சுளகும் இலையும் கொண்டாந்தேன். தூள் வாடை காலேஜுக்குள்ள ஆகாதுன்னு வாச்மேன் அண்ணாச்சி சொல்லிட்டாவ. அதுவும் சரிதான, படிக்கிற பிள்ளைய இருக்கிற எடம்."

பீடித் தொழிலில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலிக் கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் கூலி மட்டுமா குறைகிறது? வாரம் தவறாமல் கடையில் கணக்குக் கொடுக்க முடியாவிட்டால் அடுத்த முறை இலையும் தூளும் குறைத்துத் தருவார்கள். வருங்கால வைப்பு நிதிப் புத்தகத்தில் பதிகிற நாட்களும் குறையும். மகளுடைய படிப்புக்குக் கட்டணம் இல்லை, அரசு உதவித்தொகையும் வருகிறது. ஆனால் அந்தப் படிப்புக்காக அந்த வீடு தன் வருமானத்தில் பெரும்பகுதியை ஒவ்வொரு நாளும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. கல்லூரியின் எந்தப் பதிவேட்டிலும் இது இல்லை.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "காலைல அவ தண்ணி குடிக்க மாட்டா டீச்சர். ரெண்டு இட்லி, அரை தம்ளர் காப்பி, அவ்வளவுதான். மாடிக்கு ஏத்திட்டோம்னா சாயங்காலம்தான எறக்குதோம். நடுவுல ஒண்ணுக்குப் போணும்னா பயலுவள கூப்பிடணும், எறக்கணும், திரும்ப ஏத்தணும். வயசுப் பிள்ளலா, வெக்கப்படுதா." காலையிலும் மாலையிலும் சக்கர நாற்காலியோடு அவளைத் தூக்கும் வகுப்பு மாணவர்கள் நல்ல பிள்ளைகள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் அவர்களால் அவளை வகுப்புக்குத்தான் கொண்டுபோக முடியும். மற்றதற்கெல்லாம் அவள் தன் உடம்பைத்தான் அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சிறுநீர்த் தொற்றுக்காக அடிக்கடி விடுப்பு எடுப்பாள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. வருகைப் பதிவேட்டில் அது 'உடல்நலக் குறைவு' என்று மட்டும் இருந்தது.

இவ்வளவுக்கும் எங்கள் துறையின் மூன்றாம் ஆண்டு வகுப்பு மாடியில்தான் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பல ஆண்டுகளாக அங்கே நடந்துவந்தது, அதனால் நடந்தது. தரைத்தளத்தில் இன்னொரு துறையின் ஆசிரியர் அறை இருந்தது. துறைக் கூட்டத்தில் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஒரு பிள்ளைக்காக மொத்த ஏற்பாட்டையும் மாத்தணுமா அம்மா? இன்னும் ஒரு செமஸ்டர்தானே?" என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. அந்த மாணவிக்குத் தன் கைக்காசில் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர். அவளுக்காக எதையும் கொடுக்கத் தயாராக இருந்த அவருக்கு, ஏற்பாட்டை மாற்றுவது மட்டும் அதிகப்படியாகப் பட்டது. இதை நான் பல கல்லூரிகளில் பல உருவங்களில் பார்த்திருக்கிறேன். நம்மிடம் இரக்கத்துக்குக் குறைவே இல்லை. டைம்டேபிளைத்தான் தொட விடமாட்டோம்.

கடைசியில் மாற்றினோம். ஒரு சனிக்கிழமை பீரோக்களை மேலே ஏற்றி, பெஞ்சுகளைக் கீழே இறக்கினார்கள். செலவு என்று பார்த்தால் ஏற்றி இறக்கியவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீயும் வடையும்தான். சட்டம் இதைத்தான் கேட்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'நியாயமான வசதி செய்து தருதல்' என்று ஒன்றை வகுத்திருக்கிறது. நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாகாத வகையில், அந்த மனிதருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்துகொடுக்க வேண்டும். அந்த ஒருவருக்குத் தேவையானது என்பதுதான் அதன் உயிர். 'ஒரு பிள்ளைக்காகவா' என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில் 'ஆமாம்.'

அம்மா பக்கத்தில் இல்லாத ஒரு மதியம்

வகுப்பு கீழே வந்த பிறகும் அம்மா வந்துகொண்டுதான் இருந்தார். தூக்கி இறக்கும் வேலை போய்விட்டது. கழிப்பறை அப்படியே இருந்தது.

எங்கள் கல்லூரியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முன் கட்டியது. தர மதிப்பீட்டுக்கான அறிக்கையில் சாய்தளம், கழிப்பறை, வழிகாட்டிப் பலகை, திரை வாசிப்பு மென்பொருள் எல்லாம் இருப்பதாகக் காட்ட வேண்டும், எடுத்த இடம் பதிவான படங்களோடு. படம் எடுத்தார்கள், பதிவேற்றினார்கள், கழிப்பறையைப் பூட்டினார்கள். சாவி அலுவலகத்தில். கேட்டு வாங்கித் திறந்து பார்த்தால், கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. சக்கர நாற்காலி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. சக்கர நாற்காலி முழுவதுமாகத் திரும்புவதற்கு 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும், வாசல் 90 செ.மீ. அகலம் வேண்டும், உட்காரும் இடத்தின் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். இங்கே இடம் இருந்தது, ஆனால் அதில் பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கம்பி இல்லை. வெளியே இருந்த சாய்தளமும் அப்படித்தான். விதிப்படி 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் வேண்டும். மூன்று படி ஏறும் 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் படிக்கட்டின் மேல் சிமெண்டை இழைத்துவிட்டு அதைச் சாய்தளம் என்கிறார்கள். தனியாக ஒருவர் அதில் நாற்காலியை உருட்டி ஏற முடியாது, இறங்கினால் விழுவார்.

கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார்கள். கம்பி பொருத்தினார்கள். விடைத்தாள் கட்டுகள் வேறிடம் போயின. பூட்டை எடுக்க வைக்கத்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. 'எல்லோரும் பயன்படுத்திப் பாழாக்கிவிடுவார்கள்' என்ற வாதம் பலமாக இருந்தது. பாழானால் சுத்தம் செய்யலாம், பூட்டியிருந்தால் என்ன செய்ய முடியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அதற்குப் பிறகும் ஒரு தேவை மிச்சமிருந்தது. நாற்காலியிலிருந்து எழுப்பி உட்கார வைக்க ஒரு மனிதர் வேண்டும். இங்கேதான் எல்லோரும் மறுபடி அம்மாவைப் பார்த்தார்கள். அவர்தான் இருக்கிறாரே, அவரை விட நன்றாக யார் பார்த்துக்கொள்வார்கள்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு எட் ராபர்ட்ஸ் நினைவுக்கு வருகிறார். 14 வயதில் போலியோ வந்து, கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் செயலிழந்தவர். இரவில் மூச்சுவிட இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரத்துக்குள் படுக்க வேண்டியவர். 1962இல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அந்த இயந்திரத்தை வைக்கத் தோதான விடுதி அறை கிடைக்காமல் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதியில் தங்கிப் படித்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். அந்த மாணவர்கள் சேர்ந்து போராடியதில், 1970இல் பல்கலைக்கழகத்திலேயே உடல் ஊனமுற்ற மாணவர்களுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. சக்கர நாற்காலி பழுதுபார்ப்பது, தங்க இடம் தேடித் தருவது, இவற்றோடு உதவியாளர்களைக் கண்டுபிடித்துத் தருவது. உதவியாளரை யார் என்று தேர்ந்தெடுப்பது மாணவர். எப்போது வர வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வதும் மாணவர். சரிப்படாவிட்டால் வேறொருவரை வைத்துக்கொள்வதும் அவரே. எட் ராபர்ட்ஸின் தாயும் மகனுக்காகப் போராடிய பெண்மணிதான். அப்படிப்பட்ட தாய் இருந்தும், அந்த மாணவர்கள் கேட்டது தங்கள் நாளைத் தாங்களே நடத்துகிற உரிமையை.

எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு பணியிடம் கிடையாது. பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து, மணிக்கணக்குக் கூலிக்குப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவரை ஏற்பாடு செய்தோம். எப்படித் தூக்க வேண்டும், எங்கே பிடித்தால் வலிக்கும் என்று அம்மாவே வந்து சொல்லிக்கொடுத்தார். முதல் சில நாட்கள் அவரும் கூடவே இருந்தார். பிறகு ஒரு நாள் மதியத்தோடு கிளம்பிப் போனார். கல்லூரி வாசல் வரை போய்த் திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் வரவே இல்லை. பீடிக்கடையில் மறுபடி முழுக் கணக்கு எடுத்துக்கொண்டாராம்.

அம்மா வராத அந்த நாட்களில்தான் நான் அந்த மாணவியை முதல் முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை அவள் அமைதியான பெண், மரியாதையான பெண், கேட்டால் பதில் சொல்கிற பெண். இப்போது உணவு இடைவேளையில் வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், நடுவில் அவள் இருக்கிறாள். எங்கள் எல்லோரையும் போலவே பேசிக் காட்டிக்கொண்டிருக்கிறாள், நான் நடத்துவது உட்பட. ஒரு நாள் நான்காம் மணி வகுப்பில் அவளும் இன்னும் மூன்று பெண்களும் இல்லை. கேன்டீனில் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் நான்கு பேருக்கும் சேர்த்து 'வரவில்லை' என்று குறித்தேன். மூன்றாண்டுப் படிப்பில் அவள் வகுப்புக்கு மட்டம் போட்டது அதுதான் முதல் தடவை.

பத்தொன்பது, இருபது வயதில் ஒரு பிள்ளை கல்லூரிக்கு வருவது பாடத்துக்காக மட்டுமா? வீட்டுக்குத் தெரியாத ஒரு சினேகிதம், சொன்னால் திட்டுவார்கள் என்று தெரிந்தும் பேசுகிற ஒரு பேச்சு, தேர்தலில் யாருக்கு வாக்குக் கேட்பது என்ற சண்டை, சாதி பற்றி வீட்டில் கேட்டதற்கு மாறாக யோசித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு, இதெல்லாம் சேர்ந்ததுதான் கல்லூரி. பத்தடி தள்ளி அம்மா உட்கார்ந்திருந்தால் இதில் எது நடக்கும்? மற்ற பிள்ளைகளும் அவர் காதில் விழும் என்று அவளிடம் அளந்துதான் பேசினார்கள். அந்த அம்மா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது மாறாது. நாங்கள் கைதட்டிக் கொண்டாடிய அந்த ஏற்பாடு, தாயிடமிருந்து கூலியைப் பறித்தது. மகளிடமிருந்து கல்லூரியைப் பறித்தது.

அந்த உதவியாளரைப் பற்றி அவளிடம் ஒருமுறை கேட்டேன். "அவங்ககிட்ட 'இப்ப வேண்டாம், பத்து நிமிஷம் கழிச்சுப் போலாம்'னு சொல்ல முடியுதும்மா. எங்கம்மாட்ட எப்படிச் சொல்ல? எனக்காக இவ்வளவு செய்றவங்கட்ட" என்றாள்.

எம், கே, செமிகோலன்

படி ஏற முடியாத மாணவருக்கு அம்மா என்றால், பார்வையற்ற மாணவருக்கு அறைத்தோழன். எங்கள் துறையில் முதுகலை படித்த பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு, விடுதியில் கூடத் தங்கியிருந்த நண்பர் தினமும் இரவு பாடங்களைப் படித்துக் காட்டுவார். ஆசிரியர்கள் அந்த நண்பரைப் பாராட்டிக்கொண்டே இருப்போம். அந்த மாணவரிடம் கையில் திறன்பேசி இருந்தது, அதில் திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் திரை வாசிப்பான் இருந்தது. துறையின் கணினியில் அதே வேலையைச் செய்யும் என்விடிஏ என்ற மென்பொருளும் இருந்தது. இது இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கிய முயற்சி. தமிழையும் வாசிக்கும். இவ்வளவு இருந்தும் ஏன் இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டும்?

ஏனென்றால் எங்கள் துறைக் குறிப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவிலும் வானவில் எழுத்துருவிலும் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கியவை. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது. பாமினியில் 'அம்மா' என்று அடித்த இடத்தில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பது எம், கே, ஒரு செமிகோலன், மறுபடி கே, பிறகு ஹெச். திரை வாசிப்பானை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால் இதைத்தான் சொல்லும். சொல்லாகப் படிக்கச் சொன்னால் எந்த மொழியிலும் இல்லாத ஒரு முனகல் கேட்கும். சங்கப் பாடலுக்கு எழுதிய விளக்கமும் சரி, இலக்கணக் குறிப்பும் சரி, அந்த மாணவருக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். மிச்சம் இருந்தவை கைப்பேசியில் எடுத்து வாட்ஸாப்பில் போட்ட கோணல் படங்கள். அவற்றில் எழுத்தே இல்லை, படம் மட்டும்தான்.

தமிழ் எழுத்துகளைத் தமிழ் எழுத்துகளாகவே சேமிக்கும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டது. ஒருங்குறியில் தமிழ் 99 விசைப்பலகையில் அடிக்கலாம், விருப்பமான பழைய விசைப்பலகையை வைத்துக்கொண்டும் ஒருங்குறியில் அடிக்கலாம். பழைய கோப்புகளை மாற்றித்தரும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. படமாக இருப்பவற்றைக் கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளாகப் பெயர்த்துத் தருகிறது. பிழை திருத்த வேண்டும், ஆனால் முதலிலிருந்து அடிக்கும் வேலை இல்லை. ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த குறிப்புகளைத் துறையில் பிரித்துக்கொண்டு மாற்றினோம். இளம் ஆய்வாளர்கள் பெரும்பங்கு செய்தார்கள். இப்போது புதிய குறிப்பு எதுவானாலும் ஒருங்குறியில்தான் என்று முடிவு. அதில் பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் ஒரு லாபம் உண்டு: குறிப்புக்குள் ஒரு சொல்லைத் தேட முடிகிறது.

முதல் கோப்பைக் கேட்டுவிட்டு அந்த மாணவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "அம்மா, படிச்சுக் காட்டுறவன் அவனுக்குப் புரியற இடத்தை நல்லாப் படிப்பான். புரியாத இடம் வந்தா வேகமாத் தாண்டிடுவான். அவன் மேல தப்பில்ல. ஆனா எனக்கு அந்த இடம்தான் வேணும்." நண்பர் தூங்கிய பிறகு, இரண்டு மணிக்கு, ஒரே பத்தியை ஏழு முறை கேட்டாராம்.

தேர்வு என்று வந்தால் கதை இன்னும் நீளம். பார்வையற்றவர்களுக்கும் எழுத முடியாதவர்களுக்கும் சொல்வதை எழுதுபவர் உண்டு, மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் கூடுதல். நடைமுறையில், எழுதுபவரைத் தேடி அலைகிறவர் மாணவர்தான். நவம்பர் தேர்வில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேர்வு, யார் வருவார்கள்? முதல் நாள் இரவு வரை ஆள் உறுதியாகாமல் ஒருவர் எதைப் படிப்பார்? மருத்துவச் சான்றில் 40 சதவீதத்துக்குக் குறைவான குறைபாடு உள்ளவர்கள் கேட்டால் 'உங்களுக்கு இல்லை' என்று திருப்பி அனுப்புவதும் நடந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வுக்கு எழுதுபவர் கேட்டு மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் நீதிமன்றம் சொன்னது: எழுதுவதில் சிரமம் இருப்பவருக்கு, 40 சதவீதக் கணக்கைக் காட்டி இந்த வசதியை மறுக்க முடியாது. எங்கள் ஊர்ப் பக்கம் தேர்வுப் பிரிவுகளுக்கு இந்தத் தீர்ப்பு வந்து சேர எவ்வளவோ காலம் ஆனது.

காது கேளாத மாணவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரி போல அவர்களுக்கென்று தனி வகுப்புகள் நடத்தும் இடங்கள் மிகச் சில. மற்ற இடங்களில் சைகைமொழி பெயர்ப்பவர் கிடைப்பதில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளை வகுப்பில் இருக்கும்போது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமலிருப்பது மட்டும் இன்றைக்கே, இப்போதே நம்மால் முடியும்.

சேர்க்கைப் படிவத்தில் இல்லாத கேள்வி

சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அத்தனையும், விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் அவர்கள் புழங்கத் தக்கதாக மாறியிருக்க வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) அந்த ஆண்டே கல்லூரிகளுக்கான தர நெறிகளை வெளியிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், இந்த விதிகள் வெறும் பரிந்துரை போல எழுதப்பட்டிருப்பது சட்டத்துக்கே முரணானது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை வகுத்துத் தாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு விதித்தது. இவையெல்லாம் எனக்கு நம்பிக்கை தருகின்றன. சாய்தளத்தின் சரிவை நீதிமன்றம்தான் அளக்க வேண்டியிருக்கிறது என்றால் அளக்கட்டும்.

ஆனால் ஒரு மாணவர் ஜூலையில் கல்லூரிக்குள் நுழையும்போது அவர் எதிர்கொள்வது சட்டத்தை அல்ல, ஏற்கெனவே தயாராகிவிட்ட தாள்களை. எந்த வகுப்பு எந்த அறையில் என்ற தாள், குறிப்புகள், கேள்வித்தாள், தேர்வறைப் பட்டியல், கல்விச் சுற்றுலாவுக்கான பேருந்து ஏற்பாடு. இவற்றையெல்லாம் அவர் வருவதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டு, அவர் வந்த பிறகு 'யாராவது உதவி செய்யுங்கப்பா' என்கிறோம். அந்த 'யாராவது' எப்போதும் அம்மாவாக, அறைத்தோழனாக, தூக்கத் தெம்புள்ள நான்கு பையன்களாக ஆகிவிடுகிறது. சேர்க்கைப் படிவத்தில் குறைபாட்டின் சதவீதம் கேட்கிறோம், அடையாள அட்டை எண் கேட்கிறோம், மருத்துவச் சான்றின் நகல் கேட்கிறோம். இங்கே படிக்க உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

இந்த ஆண்டு எங்கள் துறையில் சேர்க்கை முடிந்த கையோடு, அறை ஒதுக்கீடு போடுவதற்கு முன்னால், அந்த ஒரு வரியை மட்டும் ஒரு தாளில் அடித்துக் கொடுத்தோம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மட்டும் என்று பிரிக்காமல் முதலாண்டில் எல்லோருக்கும். சான்றிதழ் எடுக்காதவர்களும், வெளியே சொல்ல விரும்பாதவர்களும் வகுப்பில் இருப்பார்கள். ஒரு பிள்ளை, கேள்வித்தாள் பெரிய எழுத்தில் வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒருவர், ஆசிரியர் பேசும்போது முகம் தெரிய வேண்டும், முதல் வரிசையில் ஓரமாக இடம் வேண்டும் என்று. வலிப்பு நோய் உள்ள ஒரு பெண், எனக்கு வந்தால் கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தாள். காலில் கருவி பொருத்தி நடக்கும் ஒரு பையன் எழுதியது: "எனக்கு உதவி செய்யும்படி வகுப்பில் அறிவிக்க வேண்டாம்." அவனுக்கு மாடி ஏற முடியும், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். அதனால் முதலாண்டு வகுப்புகள் அனைத்தையும் தொடர்ச்சியாகத் தரைத்தளத்தில் ஒரே அறையில் வைத்தோம். காரணம் வகுப்பில் யாருக்கும் சொல்லவில்லை.

சக்கர நாற்காலியில் வரும் இன்னொரு மாணவி 'ஒன்றும் வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். கூட அவளுடைய அப்பா வந்திருந்தார், பெயின்டர் வேலை பார்ப்பவர். வேலையை விட்டுவிட்டுத் தினமும் நானே வந்துவிடுவேன், கவலைப்படாதீர்கள் என்றார். அவரிடம் உதவியாளர் பற்றியும், கழிப்பறை பற்றியும், வகுப்பு தரைத்தளத்தில்தான் என்பதையும் சொல்லி, ஒரு வாரம் வந்து பாருங்கள், பிறகு நீங்களும் உங்கள் மகளும் முடிவு செய்யுங்கள் என்றோம். அவளிடம் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்குப் பிறகு இதே கேள்வியை மறுபடி கேட்பதாக இருக்கிறோம். இதுவரை யாரும் கேட்காத கேள்விக்கு முதல் தடவையே பதில் வந்துவிடாது. உதவியாளர் பணியிடத்தை நிரந்தரமாக்கக் கேட்டு கல்லூரி முதல்வர் வழியாகக் கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை பெற்றோர் ஆசிரியர் கழகம் கூலி கொடுக்கும். அடுத்த கூட்டத்தில் அதை இரண்டு பேருக்கான கூலியாக உயர்த்தக் கேட்க வேண்டும்.